கறுப்புப் பாய்களும் மாயச் சீதையும்

ஃபேன்டஸி உலகங்களின் போர்க்களத்தில் மந்திரம் எதைத் தாக்குகிறது?

இலங்கைப் போரின் கடைசிக் கட்டம். நாகபாசம் விட்டாயிற்று, கருடன் வந்து அதை அறுத்துவிட்டான். பிரமாத்திரம் விட்டாயிற்று, அனுமன் மருந்து மலையைப் பெயர்த்து வந்து, விழுந்தவர்களை எழுப்பிவிட்டான். பெரிய ஆயுதங்களெல்லாம் செலவான பிறகு, இந்திரசித்து களத்துக்கு ஒரு பெண்ணை இழுத்து வருகிறான். சீதை. கூந்தலைப் பற்றி நிறுத்தி, அனுமன் கெஞ்சக் கெஞ்ச, அவன் கண்ணெதிரிலேயே வாளால் வெட்டிச் சாய்க்கிறான். அடுத்தது அயோத்தி, அங்கே பரதனையும் முடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வடக்கு நோக்கிப் பறந்து மறைகிறான்.

வெட்டுப்பட்டது மாயையால் செய்த உருவம். அது அனுமனுக்குத் தெரியாது. அவன் ஓடிப்போய்ச் சொல்ல, இராமன் நினைவிழந்து விழுகிறான். தெளிந்து எழுந்தவனுக்கு அயோத்தி நினைப்பு. தம்பிகளும் தாய்மாரும் என்ன ஆனார்களோ என்ற பதைப்பு. அந்த வாள்வீச்சில் ஒரு வானரன்கூடச் சாகவில்லை. ஆனால் மொத்தப் படையும் கையிலிருந்த கல்லையும் மரத்தையும் கீழே போட்டுவிட்டு நின்றது. இந்திரசித்துக்கு வேண்டியிருந்தது அந்த நேரம்தான். எல்லாரும் அழுதுகொண்டிருக்கையில் அவன் நிகும்பலையில் யாகத்துக்கு உட்கார்ந்துவிட்டான். அது முடிந்துவிட்டால் பிறகு அவனை யாரும் வெல்ல முடியாது.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் அழவில்லை. வீடணன் அந்த வீட்டுப் பிள்ளை. அந்த வித்தைகள் அவனுக்குப் பழக்கம். இது மாயையாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஆனாலும் தோன்றியதை மட்டும் வைத்துக்கொண்டு பேசாமல், வண்டு உருவெடுத்து அசோகவனத்துக்குப் பறந்துபோய், சீதை உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். அதன் பிறகே படை எழுகிறது, யாகம் கலைகிறது, இந்திரசித்து விழுகிறான்.

1987-ல் தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடிய ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் தெருவில் டி.வி. இருந்த வீட்டுத் திண்ணை வரை கூட்டம் நிற்கும். இந்தப் பக்கமிருந்து ஒரு அம்பு, அந்தப் பக்கமிருந்து ஒரு அம்பு. நடுவானில் இரண்டும் மெதுவாக நெருங்கி, முட்டி, ஒன்று மறைந்துபோகும். நெருப்புக்குத் தண்ணீர், பாம்புக்குக் கருடன். அதுதான் மந்திரப் போர் என்று நினைத்திருந்தேன். வளர்ந்து கம்பனைப் படித்தபோது அந்த அம்புகள் அவ்வளவாக நிற்கவில்லை. மாயச் சீதை நின்றாள். அவளுக்கு முன்னால் வரும் மாயா சனகனும் நின்றான். இராவணன் ஆட்கள் மருத்தன் என்ற அரக்கனைச் சீதையின் தகப்பன் உருவில் கொண்டுவந்து நிறுத்தி, மகளே, இணங்கிவிடு என்று சொல்லவைப்பார்கள். படை திரட்டி ஒரு கோட்டையை முற்றுகையிடுவது போலத்தான் அதுவும். கோட்டை அங்கே ஒரு பெண்ணின் மனம்.

உலகமெங்கும் எழுதப்பட்ட மிகுபுனைவுப் போர்களைப் படிக்கப் படிக்க எனக்குள் ஒன்று உறுதிப்பட்டது. போரை அறிந்த கையால் எழுதப்பட்ட கதைகளில் மந்திரம் முதலில் தாக்குவது கண்ணை, அடுத்தது துணிச்சலை. உடம்புக்கு அது கடைசியில்தான் வருகிறது.

செய்தி சுமந்தவர் எழுதிய கதை

ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1916 ஜூனில் பிரான்சுக்குக் கப்பலேறினார். வயது 24. லங்காஷயர் ஃப்யூசிலியர்ஸ் படையின் 11-ஆம் பட்டாலியனில் சிக்னல் அதிகாரி வேலை. களத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பின்னாலிருக்கும் தளபதிகளுக்கும், தளபதிகளின் கட்டளையைக் களத்துக்கும் கொண்டு சேர்ப்பது அவர் பொறுப்பு. தொலைபேசிக் கம்பி, கொடி, விளக்கு, புறா, இவையெல்லாம் போய்விட்டால் ஓடிப்போய்ச் சொல்லும் ஆள். சோம் போரின் முதல் நாளான ஜூலை 1-ல் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டோல்கீனின் பள்ளித் தோழர் ராப் கில்சன் அவர்களில் ஒருவர். இன்னொரு நெருங்கிய தோழர் ஜெஃப்ரி ஸ்மித் அந்த டிசம்பரில் இறந்தார். டோல்கீனை அதற்குள் பதுங்குகுழிக் காய்ச்சல் பிடித்து, நவம்பரில் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஓய்வுக் காலத்தில் அவர் எழுதிய கதை 'காண்டோலினின் வீழ்ச்சி'. மலைகளுக்குள் மறைந்திருக்கும் ஒரு நகரம். அதை அழிக்க எதிரியின் கொல்லர்கள் இரும்பிலும் வெண்கலத்திலும் டிராகன்களைச் செய்து அனுப்புகிறார்கள். சில டிராகன்களின் வயிற்றுக்குள் படையாட்கள் உட்கார்ந்து வருகிறார்கள். 1916 செப்டம்பர் 15-ஆம் தேதி அதே சோம் களத்தில்தான் உலகின் முதல் டாங்கிகள் இறங்கின. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் இரும்பு டிராகனைவிட, 1954-55-ல் வெளிவந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் வரும் பந்து போன்ற ஒரு கல்தான் எனக்கு அந்த சிக்னல் அதிகாரியைக் காட்டிக்கொடுக்கிறது.

பலன்டீர் என்று அதற்குப் பெயர். தொலைவில் நடப்பதைக் காட்டும் கல். கோண்டோர் நாட்டை ஆளும் டெனதோரிடம் ஒன்று இருக்கிறது. எதிரி சாரோனிடம் இன்னொன்று. அந்தக் கல்லைப் பொய் சொல்லவைக்க சாரோனாலும் முடியாது. அது காட்டுவதெல்லாம் நிஜம். ஆனால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதில் சாரோனின் கை ஓங்கியிருக்கிறது. மோர்டோரில் திரளும் படையை டெனதோர் மறுபடி மறுபடி பார்க்கிறார். கடைசியில், ஆற்றில் கறுப்புப் பாய் விரித்து வரும் கப்பல் வரிசை தெரிகிறது. உம்பார் கடற்கொள்ளையர்களின் கப்பல்கள். நகரைச் சுற்றி முற்றுகை, தெற்கே கப்பற்படை. இனி ஒன்றுமில்லை என்று முடிவுகட்டி, காயம்பட்டுக் கிடக்கும் மகனோடு சேர்த்துத் தன்னையும் கொளுத்திக்கொள்ள விறகு அடுக்கச் சொல்கிறார்.

கப்பல்கள் வந்தது நிஜம், பாய் கறுப்பு என்பதும் நிஜம். கப்பலுக்குள் இருந்தது யார் என்பதைத்தான் கல் சொல்லவில்லை. சாரோனை எதிர்க்கும் தலைவர்களில் ஒருவனான அரகார்ன் அந்தக் கப்பல்களைப் பிடித்து, தெற்கத்தி ஆட்களை ஏற்றிக்கொண்டு கோண்டோருக்குத் துணையாக வந்துகொண்டிருந்தான்.

இந்த இடத்தில் டோல்கீன் போட்ட கணக்கைக் கவனிக்க வேண்டும். டெனதோர் மகனை எரிக்கப் போகிறார் என்ற செய்தி வந்தபோது மந்திரவாதி காண்டால்ஃப் களத்துக்குப் போகும் வழியில் நிற்கிறார். மகனைக் காப்பாற்றப் போனால் களத்தில் வேறு சிலர் சாவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லியும் விடுகிறார். மகன் பிழைக்கிறான். வெளியே ரோஹன் அரசர் தியோடன் குதிரைக்கு அடியில் நசுங்கிச் சாகிறார். மெய்யான ஒரு காட்சி, தப்பான ஒரு முடிவு. அதற்கு ஓர் அரசன் சாகிறான், ஓர் ஆட்சியாளர் சாம்பலாகிறார். அறுந்த கம்பியை இருட்டில் ஒட்டுப்போட்டு, பாதிச் செய்தியை வைத்துக்கொண்டு ஆயிரம் பேரை அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதக்கூடிய கணக்கு இது. டோல்கீன் தன் கதையில் உவமப்பொருள் தேடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டவர். நான் உவமப்பொருள் தேடவில்லை, கைப்பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

வீடணன் வண்டாகப் பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தானே, அப்படி ஓர் ஆள் டெனதோருக்கு இல்லை. உயரமான கோபுரத்தில், தனியாக, எதிரி காட்டியதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சம் என்ற படைக்கலம்

அதே முற்றுகையில் சாரோன் முதலில் அனுப்புவது இருட்டு. பொழுது விடியாத பகல்கள். மண்ணும் நீரும் கலந்ததுபோல் ஒரு மங்கல், நாட்கணக்கில். பிறகு, வெட்டுண்ட கோண்டோர் வீரர்களின் தலைகளைக் கவண்பொறியில் வைத்து நகருக்குள் எறிகிறார்கள். அதற்கும் மேலே நாஸ்கூல்கள். ஒன்பது பேய் வேந்தர்கள், இறக்கை மிருகங்களின் மேல் வட்டமிட்டபடி. அவர்கள் நெருப்பைக் கக்குவதில்லை, கல்லைப் போடுவதில்லை. கத்துகிறார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் நல்ல வீரன்கூட ஆயுதத்தை நழுவவிட்டு, எங்கே ஒளியலாம், எப்படிச் சாகலாம் என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறான்.

காண்டால்ஃப் அங்கே செய்ததைப் பட்டியலிட்டால் மந்திரம் என்று சொல்ல அதிகம் தேறாது. ஓரிரு தடவை கையிலிருந்து வெளிச்சம் பாய்ச்சுகிறார். மற்ற நேரமெல்லாம் மதில் மேல் நடக்கிறார். ஒவ்வொரு காவலாகப் போய் நிற்கிறார். அவர் வந்து நின்ற இடத்தில் ஆட்களுக்குத் தெம்பு திரும்புகிறது. அவர் நகர்ந்ததும் மறுபடி நிழல் கவிகிறது. இதைப் படிக்கும் இளம் வாசகர்கள் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். இவ்வளவு பெரிய மந்திரவாதி ஏன் எதிரிப் படையை எரித்துச் சாம்பலாக்கவில்லை? ஓயாத குண்டுமழைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டால், பக்கத்தில் நடுங்காமல் நிற்கும் ஓர் ஆளின் விலை என்ன என்று சொல்வார்கள்.

பேய் வேந்தர் தலைவன் விழுவதும் இப்படித்தான். அவனைக் கொல்வது ஒரு பெண்ணும் ஹாபிட் என்ற குட்டை இனத்து மனிதன் ஒருவனும். எயோவின் பயத்தை விழுங்கிக்கொண்டு எதிரே நிற்கிறாள். மெர்ரி பின்னாலிருந்து முழங்காலில் குத்துகிறான். மெர்ரியின் கத்தி பழைய புதைமேட்டிலிருந்து எடுத்தது. எத்தனையோ தலைமுறைக்கு முன், அதே எதிரியோடு போராடி அழிந்துபோன வடக்கு நாட்டுக் கொல்லன் ஒருவன், அவனுக்கென்றே அடித்த கத்தி. தன் நாடு தோற்றுப்போனது தெரிந்து செத்த அந்தக் கொல்லனின் வேலை, யாரோ ஒரு சின்னப் பையன் கையில் வந்து பலித்தது. மந்திர ஆயுதம் என்றால் எனக்கு இனி இந்தக் கத்திதான்.

இந்தக் கதையை வைத்து 2003-ல் வந்த திரைப்படம் எனக்குப் பிடித்த படம். ரோஹன் குதிரைப்படை பாயும் காட்சியில் இன்றும் மயிர்க்கூச்செறியும். ஆனால் ஓர் இடத்தில் படம் மூலத்தைக் கைவிட்டது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. படத்தில் அரகார்ன் இறந்தோர் படையைக் கப்பலில் ஏற்றி நேரே தலைநகருக்கு அழைத்து வருகிறான். பச்சை ஆவிகள் அலையாகப் பாய்ந்து, யானைப் படையையும் விழுங்கி, சில நிமிடங்களில் போரைத் துடைத்து முடித்துவிடுகின்றன. அதற்கு முன் செத்த குதிரைவீரர்கள் எதற்குச் செத்தார்கள் என்றே தோன்றிவிடுகிறது.

நாவலில் இறந்தோர் தலைநகருக்கு வருவதே இல்லை. தெற்கே பெலார்கிர் துறைமுகத்தில் கொள்ளையர் கப்பல்கள் மேல் பாய்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் வாள் வெட்டுமா வெட்டாதா என்பதுகூடப் பார்த்தவர்களுக்குத் தெரியாது; அது தேவைப்படவும் இல்லை. பயந்து தண்ணீரில் குதித்தவர்களின் கப்பல்கள் காலியாகக் கிடந்தன. அத்தோடு அரகார்ன் இறந்தோரின் கடனைத் தீர்த்து விடுவித்துவிடுகிறான். கப்பலில் ஏறித் துடுப்பு வலித்து வந்து போரில் வெட்டுப்படுவது உயிருள்ள ஆட்கள். டோல்கீன் அச்சம் செய்யக்கூடிய வேலையை அச்சத்துக்குக் கொடுத்தார். சாவின் கணக்கை மனிதர்களிடமே விட்டார். திரைக்கு அது போதவில்லை.

மந்திரவாதி பீரங்கியான கதை

திரைக்கு ஏன் போதவில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் என்ற இருவர் 'செயின்மெய்ல்' என்ற விளையாட்டு விதிப்புத்தகம் வெளியிட்டார்கள். மேஜை மேல் ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, இடைக்காலப் போர்களை ஆடுவதற்கான விதிகள். புத்தகத்தின் கடைசியில் ஒரு பின்னிணைப்பு: டிராகன், குள்ளர், மந்திரவாதி எல்லாரையும் களத்தில் இறக்குவது எப்படி? மந்திரவாதியின் நெருப்புப் பந்து எவ்வளவு இடத்தை அழிக்கும் என்ற கேள்விக்குக் கையருகே விடை இருந்தது. பெரிய கவண்பொறியின் கல் எவ்வளவு இடத்தை அழிக்குமோ அவ்வளவு. மின்னல்? கனரகப் பீரங்கியின் அளவு. அந்தப் பின்னிணைப்பு வளர்ந்து 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆனது. அதிலிருந்து கணினி விளையாட்டுகள் வந்தன, அவற்றிலிருந்து இன்றைய படங்களின் காட்சி மொழி வந்தது. ஃபோனில் விளையாடும் பிள்ளையிடம் மந்திரவாதி என்ன செய்வான் என்று கேட்டுப் பாருங்கள். தூரத்தில் நின்று சுடுவான் என்று சொல்லும்.

அந்த விளையாட்டுகளை நான் குறைசொல்லவில்லை. பலரைப் புத்தகங்களுக்குக் கொண்டுவந்தவை அவை. ஆனால் மந்திரத்தைப் பீரங்கி ஆக்கிவிட்டால், பீரங்கி வந்ததும் நிஜ உலகில் என்னென்ன மாறியதோ அதெல்லாம் கதையுலகிலும் மாறியாக வேண்டும். மதில்கள் ஏன் இன்னும் உயரமாக நிற்கின்றன? நெருப்புப் பந்து வீசும் எதிரி முன்னால் ஏன் வீரர்கள் நெருக்கமாக வரிசைகட்டி நடக்கிறார்கள்? பறந்து வந்து மேலே இருந்து தாக்க முடியுமென்றால் அகழி எதற்கு? பல நாவல்கள் இந்தக் கேள்விகளைக் கடந்து ஓடிவிடுகின்றன.

ஓடாமல் நின்ற ஒருவர் ராபர்ட் ஜோர்டன். வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி பிடித்தவர். அவருடைய 'வீல் ஆஃப் டைம்' வரிசையில், 1994-ல் வந்த பாகத்தின் முடிவில் டூமாய்ஸ் வெல்ஸ் என்ற இடத்தில் ஒரு போர். மந்திர ஆற்றலை ஆயுதமாகவே பழகிய ஆண்கள், கறுப்புக் கோட்டு அணிந்து, ஒரே கட்டளைக்கு ஒரே நேரத்தில் அடிக்கிறார்கள். ஈட்டியோடு ஓடிவரும் ஆயிரக்கணக்கானவர்களின் முன்வரிசை வெடித்துச் சிதறுகிறது. அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. ஜோர்டன் இதை வென்ற பக்கத்திலிருந்தே, பெரின் என்ற கொல்லுப்பட்டறைப் பையனின் கண்ணால் காட்டுகிறார். தன் உயிரைக் காப்பாற்றிய அந்தக் காட்சியை அவனால் பார்க்க முடியவில்லை. வெற்றி பெற்றோம் என்ற நினைப்பே வராத வெற்றி. உயரத்திலிருந்து சுட்டவருக்கு அது எங்கிருந்து தெரிந்திருக்கும் என்று யோசிக்கையில் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஏவத் தெரிந்தவனும் மீட்கத் தெரிந்தவனும்

பீரங்கியைவிடப் பெரிய ஆயுதம் வரும்போது கதை வேறாகிறது. வியட்நாம் போருக்குப் போக மனசாட்சியின் பேரில் மறுத்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையின் டிராகன்களை அணு ஆயுதத்தோடு ஒப்பிட்டு அவரே பேசியிருக்கிறார். அவர் எழுதிய பழங்கதையில் ஏகான் மூன்று டிராகன்களோடு ஏழு நாடுகளைப் பிடிக்க வருகிறான். ஹாரன் என்ற அரசன் நாற்பது ஆண்டு கட்டிய மாபெரும் கோட்டையின் கோபுரங்கள் ஒரே இரவில் உருகுகின்றன. இரண்டு அரசர்கள் சேர்ந்து திறந்த வெளியில் எதிர்க்கிறார்கள். மூன்று டிராகன்களும் ஒன்றாக இறங்கி நாலாயிரம் பேரை எரிக்கின்றன. அடுத்து, வடக்கத்தி அரசன் டாரன் ஸ்டார்க் பெரும்படையோடு ஆற்றங்கரை வரை வந்து, விசாரித்து, யோசித்து, மண்டியிட்டுவிடுகிறான். ஆயுதம் ஒருமுறை வேலை செய்தால் போதும். அடுத்த முறை அதன் பெயரே வேலை செய்யும். இதுவும் மனத்தின் மேல் விழும் அடிதான்.

டோர்ன் மட்டும் பணியவில்லை. அதன் இளவரசி மெரியா மார்ட்டெல் கண் தெரியாத முதியவள். டிராகன் வந்து இறங்கியபோது கோட்டைகள் காலியாகக் கிடந்தன. எரிப்பதற்குப் படை இல்லை, சரணடைய அரசன் இல்லை. மக்கள் மணலுக்குள் கரைந்துவிட்டார்கள். டிராகன் போன பிறகு திரும்பி வந்து, விட்டுப்போன காவற்படையை வெட்டினார்கள். ஆண்டுகள் போயின. ஒருநாள் ஒரு கோட்டை மேலிருந்து விட்ட இரும்பு அம்பு மெராக்ஸஸ் என்ற டிராகனின் கண்ணில் பாய்ந்தது. அது தன் மேலிருந்த ஏகானின் அரசியோடு சேர்ந்து விழுந்தது. நெருப்பால் வெல்ல முடியாத அந்த நாடு, நூறாண்டுக்கும் மேலே சென்று கல்யாண உறவால் வந்து சேர்ந்தது. டிராகனை எப்படிக் கொல்வது என்று எத்தனையோ கதைகள் சொல்லியிருக்கின்றன. டிராகனுக்கு வேலையில்லாமல் செய்வது எப்படி என்று சொன்ன கதை இது.

இந்த வகையில் நம் இதிகாசங்கள் போன தூரத்தை நினைத்தால் எனக்குப் பெருமிதத்தைவிட வியப்புதான் அதிகம். பிரமாத்திரம் விழுந்த நாளைப் பாருங்கள். அதை முதலில் கையில் எடுக்க நினைத்தவன் இலக்குவன். அது உலகங்களையே அழித்துவிடும், வேண்டாம் என்று தடுத்தவன் இராமன். இலக்குவன் அடங்குகிறான். எதிரி அதை எடுக்க நினைத்தான் என்பதை இந்திரசித்து புரிந்துகொள்கிறான். மறைந்துபோய் அதே ஆயுதத்தைத் தானே முந்தி ஏவுகிறான். அறம் பார்த்து அடக்கியவன் பக்கம் பிணமாகக் குவிகிறது. கம்பன் இராமனைத் தவறு என்று சொல்லவுமில்லை, அந்த இழப்பை மழுப்பவுமில்லை.

பாரதத்தில் இதன் விதிகள் இன்னும் கறாரானவை. கர்ணனிடம் இந்திரன் தந்த சக்தி ஒரே தடவைக்குத்தான், அருச்சுனனுக்கென்று வைத்திருக்கிறான். இரவுப் போரில் மாயை பெருகி, கடோற்கசன் கௌரவப் படையைத் துவம்சம் செய்கிறான். படை கதறுகிறது. கர்ணன் வேறு வழியின்றிச் சக்தியை அவன் மேல் எறிகிறான். பாண்டவர் பக்கம் ஒரு பிள்ளை போயிற்று. கண்ணன் மட்டும் மகிழ்கிறான். எதிரியின் ஒரே குண்டை வேறிடத்தில் செலவழிக்க வைத்தாயிற்று. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும் இடம் இது. அசுவத்தாமன் ஏவும் நாராயணாத்திரத்துக்கு மாற்று ஆயுதமே கிடையாது. தேரை விட்டு இறங்கி, ஆயுதத்தைக் கீழே போட்டவனை அது தொடாது. பீமன் போட மறுக்கிறான்; அவனைப் பிடித்து இழுத்துத்தான் இறக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு தடவை விடு என்று துரியோதனன் கேட்கும்போது, விட்டால் விட்டவன் மேலேயே திரும்பும் என்கிறான் அசுவத்தாமன்.

எல்லாம் முடிந்த பிறகு அதே அசுவத்தாமன் பிரமசிரத்தை ஏவுகிறான். அருச்சுனனும் ஏவுகிறான். இரண்டு நெருப்புக்கும் நடுவில் நாரதரும் வியாசரும் வந்து நிற்கிறார்கள்; இருவரும் திரும்பப் பெறுங்கள் என்கிறார்கள். அருச்சுனன் மீட்டுக்கொள்கிறான். அசுவத்தாமனுக்கு ஏவ மட்டும்தான் தெரியும், மீட்கத் தெரியாது. ஏவியது எங்காவது விழுந்தாக வேண்டும். பாண்டவர் வீட்டுப் பெண்களின் கருவறையை நோக்கி அதைத் திருப்பிவிடுகிறான்.

2018-ல் ஆர். எஃப். குவாங் எழுதிய 'தி பாப்பி வார்' நாவலைப் படித்தபோது இந்த அசுவத்தாமன்தான் நினைவுக்கு வந்தான். 1937-ன் நான்ஜிங் படுகொலையை மனதில் வைத்து எழுதிய கதை. அனாதைப் பெண் ரின், அபினியின் வழியே நெருப்புத் தெய்வத்தைத் தன் உடம்புக்குள் அழைக்கப் பழகுகிறாள். தன் மக்களுக்கு நேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, எதிரியின் தீவு நாட்டையே எரிமலைக் குழம்பில் மூழ்கடிக்கிறாள். அவள் கோபம் நியாயமானது. அதனாலேயே புத்தகத்தை மூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மந்திரமில்லாத கடைசிப் போர்

டோல்கீன் கதையின் மோதிரம் இந்த ஆயுதங்களின் வரிசையில்தான் வருகிறது. எடுத்து மாட்டியவன் வெல்லலாம். வென்றவன் இன்னொரு சாரோன் ஆவான். அதனால் அதை அழிக்க இரண்டு பேர் எதிரி நாட்டுக்குள் நடக்கிறார்கள். அவர்கள் மேல் எதிரியின் பார்வை படாமலிருக்க, அரகார்ன் ஒரு சின்னப் படையோடு மோர்டோரின் வாசலில் போய்ச் சாவுக்கு நிற்கிறான். மொத்தப் படையும் ஒரு கண்ணை வேறு பக்கம் திருப்புவதற்காகத்தான். பிற்பாடு எழுதிய முன்னுரையில் டோல்கீன் சொல்கிறார்: நிஜப் போர் என் கதையை வழிநடத்தியிருந்தால், மோதிரத்தைக் கைப்பற்றி சாரோனுக்கு எதிராகவே பயன்படுத்தியிருப்பார்கள், அவன் கோட்டையை இடிக்காமல் அதில் குடியேறியிருப்பார்கள். அதை எழுதும்போது ஹிரோஷிமா நடந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மோதிரம் எரிந்த பிறகும் நாவல் முடிவதில்லை. படத்தில் இல்லாத ஒரு பகுதி அது. நான்கு ஹாபிட்களும் ஊர் திரும்புகிறார்கள். ஊரை ரவுடிகள் பிடித்துவைத்திருக்கிறார்கள். மரங்கள் வெட்டிக் கிடக்கின்றன. காண்டால்ஃப் கூட வரவில்லை, மோதிரம் இல்லை, கல்லும் இல்லை. கொம்பு ஊதி ஊரைக் கூட்டி, கோடரியும் தடியும் வில்லுமாகப் பைவாட்டர் என்ற இடத்தில் சண்டை போடுகிறார்கள். ரவுடிகளில் கிட்டத்தட்ட எழுபது பேர் சாகிறார்கள். ஹாபிட்களில் பத்தொன்பது பேர். அந்தப் பத்தொன்பது பேரையும் ஒன்றாகப் புதைத்து, மேலே ஒரு கல் நாட்டுகிறார்கள். சண்டையில் கலந்துகொண்டவர்கள் பெயரெல்லாம் ஒரு பட்டியலில் எழுதப்பட்டு, ஊர் வரலாறு படிப்பவர்கள் மனப்பாடம் செய்யும் பெயர்களாகின்றன. 1918-க்குப் பிறகு இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களில் எழுந்த நினைவுக் கற்களில் அப்படித்தான் பெயர் வரிசைகள் பொறிக்கப்பட்டன.

மோதிரத்தை எரிமலை வரை சுமந்துபோன ஃப்ரோடோவும் அன்று பைவாட்டரில் இருந்தான். வாளை அவன் உருவவே இல்லை. செத்துக் கிடக்கும் தங்கள் ஆட்களைப் பார்த்துக் கொதித்துப்போன ஊர்க்காரர்கள், ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்ட ரவுடிகளைக் கொன்றுவிடாதபடி, அவர்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தான்.